நிகானோர் ஆஜர்

பிப்ரவரி 11

இன்று காலையும் ஒலிபெருக்கியில் என் புருஷனைக் கூப்பிட்டார்கள். "தண்ணீர்க் கமிட்டி உறுப்பினர் நிகானோர் சந்தியாகோ கவனத்துக்கு. மேலத்தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. உடனே ஊற்றுத் தொட்டிக்குப் போகவும்." ஒருமுறை சொல்லி நிறுத்துகிற பழக்கம் அறிவிப்புச் சொல்கிற ஒதிலோனுக்குக் கிடையாது. சபைக்கூடத்தின் கூரைமேல் இருக்கிற அந்த ஒலிபெருக்கிச் சத்தம் எதிர்மலை வரைக்கும் போகும். எதிர்மலை அதை வாங்கி இன்னொரு தடவை சொல்லும்.

அத்தை ரொட்டி தட்டுவதை நிறுத்தினார். மகன் பெயர் கேட்கும்போதெல்லாம் நிறுத்துவார். வாசலைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "போடி எல்பி, அவனைக் கூப்பிடுறாங்கல்ல" என்றார்.

என் புருஷனுடைய தொப்பி, அவருடைய மழைக்கோட்டு, அவருடைய ரப்பர் பூட்ஸ், எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறினேன். முன்னால் பழந்துணி திணித்தால்தான் பூட்ஸ் என் காலில் நிற்கும். தொட்டியின் வாயை இலைக்குப்பை அடைத்திருந்தது. கையை விட்டு அள்ளிப் போட்டேன், வால்வைத் திறந்தேன், இறங்கிவிட்டேன்.

அவர் எல்லை தாண்டி வேலை தேடி வடக்கே போய் ஏழு வருஷம். எல்லையிலிருந்து போன் பண்ணி, "நாளைக்குக் காலைல நடக்க ஆரம்பிக்கிறோம்" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை. கூடப் போனவர்கள் இரண்டு பேர் பிறகு தகவல் சொல்லி அனுப்பினார்கள்: பாலைவனத்தில் கால் வீங்கி ஒரு புதரடியில் உட்கார்ந்தாராம், நீங்க போங்க, பின்னால வர்றேன் என்றாராம். அவ்வளவுதான் தெரியும். ஆனால் ஊர்ப் பதிவில் பெயர் இருக்கிறது. பெயர் இருந்தால் ஊர்வேலைக்கு வரவேண்டும், முறை வரும்போது ஊர்ப்பதவியும் ஏற்கவேண்டும். காசு பணம் எதுவும் கிடையாது. ஆள் வடக்கே இருந்தால் வீட்டில் இருக்கிறவள் செய்ய வேண்டும்.

செய்கிறேன். பெயர் அவருடையது, முதுகு என்னுடையது.

பிப்ரவரி 23

ஞாயிறு. பாதை ஓரத்து வாய்க்காலைத் தூர்வார ஊரே கூடியது. ஒதிலோன் பெயர் படித்தான்.

"யூதிமியோ!"

"ஆஜர்!" என்றாள் பாசிலிசா. பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் யூதிமியோ வடக்கே ஸ்ட்ராபெரி பறிக்கிறார், வாராவாரம் போன் பண்ணுவார். அவளுக்கு இது விளையாட்டு.

"நிகானோர்!"

"ஆஜர்."

"சத்தமா சொல்லுக்கா, வடக்க கேக்கட்டும்" என்று என் விலாவில் இடித்தாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அவர் பெயருக்குப் பதில் சொல்லும்போது என் குரல் தடித்துப் போகிறது. இன்றைக்குத்தான் கவனித்தேன். எப்போதிலிருந்து இப்படி?

மார்ச் 6

பள்ளிக்கூட டீச்சர் வந்திருந்தாள். அப்பாக்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டாளாம். என் மகள் நொயெமி எழுந்து, "எங்கப்பா ஊருக்கெல்லாம் தண்ணி திறந்து விடுறாரு" என்றாளாம்.

நொயெமி என் வயிற்றில் இருந்தபோது போனவர். அவள் அவரைப் பார்த்ததே இல்லை.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"ஒலிபெருக்கில சொல்றாங்களே. அப்ப பொய்யா?"

பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஏப்ரல் 2

ஒன்றுமில்லை. வெயில். ஊற்று மெலிந்துவிட்டது. கீழத்தெருவும் மேலத்தெருவும் என் புருஷனைத் திட்டுகின்றன.

ஜூன் 19

மழை பிடித்துக்கொண்டது. மலை முழுக்க மூடுபனி, கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை.

தொட்டிக்குப் போகிற பாதையில் ஈரமண்ணில் அவர் பூட்ஸ் தடம். வலது குதிகாலில் ஒரு வெட்டு, அரிவாள் பட்டு விழுந்தது, எனக்குத் தெரியாதா? மேல்நோக்கிப் போகிறது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தும்விட்டேன்.

பிறகுதான் குனிந்து என் காலைப் பார்த்தேன். அதே பூட்ஸ். நேற்று நான் நடந்த தடம்.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றி, அந்த வெட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 30

காய்ச்சல். எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 4

ஐந்தாறு நாளாகப் படுக்கை. ஊற்றுப் பக்கம் நான் போகவே இல்லை. அந்த நாட்களில் மழை வெளுத்து வாங்கியிருக்கிறது, தொட்டி வாய் அடைத்துக் குழாயெல்லாம் செத்திருக்க வேண்டும். ஆனால் ஒலிபெருக்கி ஒருநாளும் கூப்பிடவில்லை. எல்லா வீட்டிலும் தண்ணீர் வந்திருக்கிறது.

பாசிலிசா கஞ்சி கொண்டுவந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சொல்லலாமா வேண்டாமா என்று தலைமுண்டு நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ படுத்துக் கெடக்கிறது எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்குறேன். நேத்து விடியக்காலைல மேட்டுல யாரு போனது?"

"யாரு?"

"அண்ணன் தொப்பி. அண்ணன் கோட்டு. பனிக்குள்ள போச்சு. நான் சிலுவை போட்டுக்கிட்டு உள்ள ஓடிட்டேன்."

அவள் போனபிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கதவு மூலைக்குப் போனேன். பூட்ஸில் ஈர மண்.

ஆகஸ்ட் 5

தொட்டுப் பார்த்தேன். உள்ளே கையை விட்டேன். லேசாகச் சூடு இருந்தது.

காய்ச்சல்காரியின் கைச்சூடாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12

தேறிவிட்டேன் என்று பேர். ஒருநாள் ஏறினால் மறுநாள் படுக்க வேண்டியிருக்கிறது. நான் ஏறாத நாளிலும் தொட்டி சுத்தமாக இருக்கிறது. இலைகளை அள்ளி ஒரே பக்கமாகக் குவித்திருக்கிறது. நான் கண்ட இடத்தில் வீசுவேன். குவித்து வைப்பது அவர் பழக்கம்.

யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம் எப்படிச் சொல்ல? விடியுமுன்பே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றக் கோயிலுக்குப் போய்விடுகிறார். மகனுக்காக. இன்னமும் சாப்பாட்டு மேசையில் அவனுக்கென்று ஒரு தட்டு வைக்கிறார், சாப்பிட்டு முடித்ததும் காலித் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறார். இந்த ஏழு வருஷமும் அப்படித்தான்.

இன்று தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே குனிந்து அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். திரும்பி வந்தது. என் குரல்தானே அது? அதைவிடத் தடித்த குரலாகப் பட்டது.

ஆகஸ்ட் 20

பயமா, ஆசையா என்று எனக்கே தெரியவில்லை. வர்றதுன்னா வீட்டுக்கு வர வேண்டியதுதானே. கதவு திறந்துதானே கெடக்கு. தொட்டிக்கு மட்டும் வந்து ஊருக்குத் தண்ணி விடத் தெரியுது, பெண்டாட்டி புள்ளை கண்ணுக்குத் தெரியலையா?

சண்டை போடுகிறேன். யாரோடு?

ஆகஸ்ட் 24

தொட்டி மேடையில் ஒரு சுரைக்குடுவையில் காப்பி வைத்துவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது. வைத்தேன்.

ஆகஸ்ட் 26

குடுவை காலி. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

செப்டம்பர் 9

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

விடியும் நேரம் விழிப்பு வந்தது. மூலையில் பூட்ஸ் இல்லை. தொப்பி இல்லை. கோட்டு இல்லை. நொயெமி தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். கிழக்கு வெளுத்திருந்தது, ஆனால் பனி. தடம் புதிது, அதில் இன்னும் தண்ணீர்கூட நிரம்பவில்லை. குதிகாலில் வெட்டு.

தொட்டியடியில் தொப்பி தெரிந்தது. குனிந்த முதுகு. இலை அள்ளிக்கொண்டிருந்தது. அள்ளி ஒரு பக்கமாகக் குவித்தது.

உடம்பெல்லாம் ஈரம். அத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒன்றுகூட வரவில்லை. பெயர் மட்டும் வந்தது.

"நிகா..."

அந்த உருவம் வெடுக்கென்று திரும்பியது. பூட்ஸ் பாசியில் வழுக்கி, மேடையிலிருந்து பக்கவாட்டில் விழுந்தது. தொப்பி உருண்டது. நரைத்த பின்னல்.

அத்தை.

ஓடிப்போய் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். முதலில் வந்த வார்த்தை வலியைப் பற்றியது அல்ல.

"எங்கடி? எங்க நிக்கிறான்?"

"யாரு அத்தை?"

"நீதானே கூப்பிட்ட அவனை. எங்க?" என்று என் தோளுக்குப் பின்னால் பனியைத் தேடினார்.

உங்களைத்தான் கூப்பிட்டேன் என்று சொல்வதற்குப் பதிலாக, உருண்ட தொப்பியை எட்டி எடுத்து அவர் தலையில் வைத்தேன்.

பாசிலிசாவும் இன்னும் நாலு பேரும் நாற்காலியில் உட்கார வைத்து, அதைக் கட்டிய பட்டையை நெற்றியில் மாட்டி, மாற்றி மாற்றி முதுகில் சுமந்து இறக்கினார்கள். எலும்பு உடையவில்லை என்று வைத்தியர் சொன்னார். நடக்க மாதக் கணக்காகுமாம்.

செப்டம்பர் 11

அத்தைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டேன். ஏன் போனீங்க, எழுபது வயசுல?

"நீ காய்ச்சல்ல கெடந்த. ஒருநாள் வேலை தவறினா ரெண்டு நாளுக்குச் சபையில பேசுவாங்க. அப்புறம் பேரை எடுத்துருவாங்க. பேரை எடுத்துட்டா அவன் எந்த ஊருக்குடி திரும்பி வருவான்?"

"காய்ச்சல் விட்டப்புறமும் போனீங்களே."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் பூட்ஸுல நடந்தா அவன் நடக்கிற மாதிரி இருந்துச்சு."

நான் எழுந்து போகும்போது: "காப்பி நல்லாத்தான் இருந்துச்சு. சர்க்கரை பத்தலை."

அடுப்படியில் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அழவும் அழுதேன். இந்த வீட்டில் ஒரு நிகானோர் இல்லை, இரண்டு நிகானோர் இருந்திருக்கிறோம். உண்மையான நிகானோர் ஒருவர்கூட இல்லை.

செப்டம்பர் 28

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அத்தை செத்துப்போனால் நான் மட்டும் நடப்பேன். எனக்கு முடியாமல் போனால்? நொயெமிக்குக் கால் வளர்ந்துகொண்டிருக்கிறது. இன்று அவள் பூட்ஸுக்குள் காலை விட்டு நின்று, "பாரும்மா, நான் அப்பா" என்றாள்.

பிடுங்கி வெளியே வீசினேன். குழந்தை மிரண்டுவிட்டாள்.

அக்டோபர் 12

அடுத்த வருஷப் பதவிகளுக்கு ஊர்ச்சபை. கூடம் நிறைந்து வாசலிலும் நின்றார்கள். ஊர்த்தலைவர் சிரேனியோ எழுந்தார். நல்ல மனுஷன், பேச ஆரம்பித்தால்தான் சிரமம்.

"தண்ணீர்க் கமிட்டிக்குத் தலைவர் வேணும். இந்த ஊர்ல ஏழு வருஷமா ஒரு ஊர்வேலைகூடத் தவறாத ஆளு யாரு? வாய்க்கால்ல முதல் ஆளு, ரோட்டுல முதல் ஆளு. நான் நிகானோர் சந்தியாகோ பேரைச் சொல்றேன்."

கைதட்டினார்கள். உண்மையாகவே, மனசாரத் தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள், பெருமையாக. செத்தவனுக்குக் கைதட்டுகிறார்கள் என்று முதல்முறையாக எனக்குள் ஒரு வார்த்தை வந்தது. செத்தவன். அதுவரை அந்த வார்த்தையை நான் உள்ளுக்குள்கூடச் சொன்னதில்லை.

"நிகானோர் சந்தியாகோ, சம்மதமா?" என்றான் ஒதிலோன் ஒலிபெருக்கி வழியாக.

எழுந்தேன். ஆஜர் என்று சொல்லத்தான் எழுந்தேன்.

"அவர் இல்லை."

"இன்னிக்கு வரலையா?" என்றான் ஒதிலோன், பழக்கத்தில். யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"ஏழு வருஷமா வரலை. வரமாட்டார். அந்தப் பேரை எடுத்துட்டு என் பேரை எழுதுங்க."

சிரேனியோ மெதுவாகப் பேசினார். "தங்கச்சி, பேரை எடுத்தா நீ விதவை. விதவைக்கு ஊர்வேலை கிடையாது. சபையில எடமும் கிடையாது. அது உனக்கு நாங்க குடுக்கிற ஓய்வு."

"எனக்கு ஓய்வு வேணாம்."

பின்வரிசையில் ஒரு பெரியவர் கோபமாக, "அப்ப ஏழு வருஷமா நாங்க யாரைம்மா பாராட்டிக்கிட்டிருந்தோம்?"

"என்னைத்தான்" என்றேன். குரல் மெலிசாகத்தான் வந்தது. என் குரல் அவ்வளவுதான்.

கடைசியில் சிரேனியோ, "பெத்தவ வாயால சொல்லணும். தோமாசா பெரியம்மா சொன்னாத்தான் பேரை எடுக்க முடியும். அதுதான் வழக்கம்" என்று முடித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அத்தையிடம் எப்படித் தொடங்குவது என்று வார்த்தை தேடினேன். தேவையே இருக்கவில்லை. ஒதிலோன் கூரைமேல் ஒலிபெருக்கியை அணைக்காமல் விட்டிருக்கிறான். சபையில் பேசியதெல்லாம் மலை முழுக்கக் கேட்டிருக்கிறது. அவர் இல்லை என்று நான் சொன்னதை எதிர்மலையும் ஒருமுறை சொல்லியிருக்கும்.

அத்தை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எம்மவனை ஊரறியக் கொன்னுட்டு வந்துட்ட."

அக்டோபர் 15

என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. நொயெமிதான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

அக்டோபர் 19

தட்டு இன்னும் மேசையில்தான். நொயெமியைக் கூப்பிட்டு வைக்கச் சொல்கிறார். அவள் வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

நொயெமியிடம் சொல்லிவிட்டேன். தண்ணி திறந்து விடுறது அப்பா இல்லை, நான்தான். பாட்டியும் கொஞ்ச நாள்.

"அப்ப அப்பா எங்க?"

"தெரியாதுடி. பாதையில எங்கேயோ."

"அவருக்கு யாரு தண்ணி குடுக்குறா?"

பாலைவனத்தில் ஒரு புதரடி. அங்கே யார் இருக்கிறார்கள் தண்ணீர் கொடுக்க.

அக்டோபர் 31

படையல் மேசை கட்டினேன். செண்டுமல்லி வளைவு, குங்கிலியம், முகம் வைத்த ரொட்டி, சாக்லேட், மாமனார் படம். நாளை இறந்துபோன பெரியவர்கள் வீட்டுக்கு வருகிற நாள். நிகானோர் படத்தை அதில் வைக்க அத்தை இதுவரை விட்டதில்லை. உயிரோடு இருப்பவனுக்குப் படைக்கக் கூடாது. நானும் கேட்டதில்லை, இன்றும் கேட்கவில்லை. அவர் படம் பெட்டியிலேயே இருக்கிறது.

நவம்பர் 1

மத்தியானம் நான் தொட்டிக்குப் போய்த் திரும்பியபோது அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கை நொயெமியின் தோளில், இன்னொரு கை மேசை விளிம்பில். இடுப்பு வலியில் முகம் கோணியிருந்தது. பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

மேசையிலிருந்து மகன் தட்டை எடுத்தார். எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக நகர்ந்து போய்ப் படையலில், தன் புருஷனுக்குப் பக்கத்தில் வைத்தார். பீன்ஸ், பச்சைமிளகாய், ரொட்டி. அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர். நிரம்பி வழிகிற மாதிரி ஊற்றினார். பேத்தி என்னிடம் கேட்ட கேள்வி அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"பெட்டியத் திறடி எல்பி."

பதினைந்து நாளைக்கும் மேலாகி என் பெயரைச் சொன்னார். படத்தைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமல் வைத்தார். பிறகு, "பூட்ஸைக் கழட்டு."

கழற்றினேன். உட்கார்ந்து, பாவாடை நுனியால் மண்ணைத் துடைத்து, குதிகால் வெட்டுக்குள் இருந்த மண்ணையும் குச்சியால் நோண்டி எடுத்து, படையலுக்கடியில் ஜோடியாக வைத்தார்.

"வெறும் துணி ஷூவோட போனான். எவ்வளவு தூரம் நடப்பான் எம்புள்ளை. வர்றதுக்காவது இது இருக்கட்டும்."

அதற்கப்புறம்தான் அழுதார். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். ஏழு வருஷத்து அழுகை, சத்தமாக வந்தது. பாசிலிசா ஓடிவந்து வாசலில் நின்று, உள்ளே வராமல், கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

நவம்பர் 16

வழக்கப்படி அத்தையைக் கேட்க, சிரேனியோ ஒரு புட்டி மெஸ்கால் சாராயத்தோடு வந்தார். அத்தை தலைமுண்டைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "எம்மவன் இறந்துட்டான். பேரை எடுங்க. அவ பேரை எழுதுங்க." ஒரே மூச்சில். புட்டியை வாங்கி ஒரு மடக்கும் குடித்தார்.

நவம்பர் 23

சபையில் கை தூக்கினார்கள். எண்ணி முடிக்க நேரமாயிற்று. பாசிலிசா இரண்டு கையையும் தூக்கி வசவு வாங்கினாள். என் பெயர் எழுதப்பட்டது.

ஆனால் தலைவர் பதவி கிடையாது. நிகானோர் ஏறின படியெல்லாம் நிகானோரோடு போயிற்றாம். புதிதாகச் சேர்ந்தவள் அடியிலிருந்துதான் வரவேண்டுமாம், அதனால் மறுபடியும் சாதாரண உறுப்பினர், மறுபடியும் தொட்டி. சிரேனியோ இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் அவரை நன்றாகத் திட்டினேன், இங்கே எழுத முடியாத அளவுக்கு. பிறகு ஒப்புக்கொண்டேன்.

டிசம்பர் 20

சந்தையில் ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். என் அளவு. தொட்டிப் பாதையில் தடம் சின்னதாக விழுகிறது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன், பெரிய தடம் ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை. இல்லாதது கஷ்டமாக இருந்தது.

ஜனவரி 11

புது வருஷத்தின் முதல் ஊர்வேலை. மேலத்தெருப் பாலத்தடியில் மண் அள்ள வேண்டும். அத்தை கோல் ஊன்றி வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். ஒதிலோன் பெயர் படித்தான். வீட்டு வரிசைப்படிதான் படிப்பான், எல்லாருக்கும் மனப்பாடம்.

"யூதிமியோ!"

"ஆஜர்!" என்றாள் பாசிலிசா.

அடுத்தது நாங்கள். மூச்சை இழுத்துக்கொண்டேன், குரலைத் தடிக்க வைத்துக்கொண்டேன். ஒதிலோன் வேறு ஏதோ பெயரைப் படித்தான். யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை படித்தான். முதல் நாளே வராமல் போனவள் யார் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன்.

பாசிலிசா விலாவில் இடித்தாள். "அக்கா, உன்னைத்தான்."